பிசியோ உதவியாளர் கையில் மெஷினைக் கொடுக்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:
நேற்று எங்கள் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர், பதினைந்து வருஷமாகச் சுகர். வேறோர் இடத்தில் கணுக்காலுக்கு ஹாட் பேக், அதாவது சூடான ஒத்தடப் பை, வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். "சூடு தெரியலையாம்மா?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு கேட்டுச்சு தம்பி, நான்தான் பரவாயில்லன்னு சொன்னேன்" என்றார். வைத்தது பிசியோ இல்லை, உதவியாளர்.

இவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்து வேலையைக் கொடுப்பதா, இல்லை மெஷின் பக்கமே விடக்கூடாதா? நான் முதல் கட்சி. மனசு வைத்தால் நாலு வாரம் போதும்.

நெல்லைச்சீமை எழுதியது:
நாலு வாரமா! நாலரை வருஷம் பி.பி.டி. என்ற பிசியோ பட்டப்படிப்பு படித்துவிட்டு வருகிறவர்களே முதல் ஆறு மாசம் தடுமாறுகிறார்கள். இன்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள், அடுத்த வருஷம் அதே பையன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'பிசியோதெரபி சென்டர்' என்று போர்டு மாட்டுவான். 2021இல்தான் நம் துறைக்கும் சேர்த்து மத்தியச் சட்டம் வந்து, பதிவேடு, படிப்பின் தரம் என்றெல்லாம் பேச ஆரம்பித்திருக்கிறோம். அதற்குள் பின்வாசலைத் திறந்துவிடச் சொல்கிறீர்கள்.

ஆறு பெட் அக்கா எழுதியது:
வணக்கம். சார் சொல்லும் அந்தப் 'பையன்' இடத்தில் எட்டு வருஷமாக இருக்கிறவள் நான். எனக்குக் கிடைத்த பயிற்சி, மெஷின் விற்க வந்தவர் அரை மணி நேரம் பட்டனைக் காட்டிவிட்டுப் போனது. அவ்வளவுதான். எங்களிடம் ஆறு பெட், ஒரே பிசியோ. அவர் சீட்டில் 'ஐ.எஃப்.டி. (வலிக்கு வைக்கும் கரண்ட்), ஹாட் பேக், ஐந்து நாள்' என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். தொடவே விடக்கூடாது என்கிறீர்களே சார், மாலை ஆறு மணிக் கூட்டத்தில் உங்கள் கிளினிக்கில் டவல் சுற்றுவது யார்?

நெல்லைச்சீமை எழுதியது:
எங்கள் பையன்தான். ஒத்துக்கொள்கிறேன் மேடம். ஆனால் ஹாட் பேக் வேறு, டயாதெர்மி வேறு. அது ரேடியோ அலையால் உடம்புக்குள்ளேயே சூடேற்றுவது; ஷார்ட்வேவ் வகை 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. உடம்புக்குள் பேஸ்மேக்கரோ மூளைத் தூண்டியோ இருந்தால் அதன் கம்பி வழியாகச் சூடேறித் திசு வெந்துபோகும். 2002இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. உள்ளே இருக்கும் கருவியை அணைத்து வைத்திருந்தாலும் ஆபத்துதான் என்று அதில் இருக்கிறது. 'மெட்டல் இருக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஸ்விட்சைப் போடுகிற ஆளிடம் இதை எப்படி ஒப்படைப்பது?

ஜெர்சித் தமிழன் எழுதியது:
நான் இங்கே நியூ ஜெர்சியில் பி.டி.ஏ., அதாவது உரிமம் பெற்ற பிசியோ உதவியாளர். அமெரிக்காவில் 1969இலேயே முதல் செட் உதவியாளர்கள் படித்து வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு வருஷப் படிப்பு, அப்புறம் தேசிய அளவில் தேர்வு, அதற்கு மேல் மாநில உரிமம். நோயாளியைப் பரிசோதித்து என்ன சிகிச்சை என்று முடிவுசெய்வது தெரபிஸ்ட். அந்தத் திட்டத்துக்குள் நான் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். நானாகப் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது.

லேபில் எங்கள் டீச்சர் ஒரு வேலை செய்வார். நோயாளியாகப் படுத்திருக்கும் மாணவன் காதில் ஏதாவது ஓதி வைத்துவிடுவார். நாங்கள் எல்லாம் கேட்டு, டவல் சுற்றி, டைமர் வைக்கப் போகும்போது அவன் மெதுவாக, "போன மாசம் கால்ல ரத்தம் கட்டிடுச்சுன்னு மாத்திரை சாப்பிடறேன்" என்பான். அங்கே கை நிற்கவில்லை என்றால் ஃபெயில். நெல்லை சார், நாலு வாரம் போதாது என்பதில் நான் உங்கள் பக்கம். தொடவே கூடாது என்பதில் இல்லை.

சும்மா கரண்ட் எழுதியது:
எல்லாரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்டும் (ஸ்கேன் இல்லை, ஒலி அலைச் சிகிச்சை) வேண்டாம், தோல் வழியாகக் கரண்ட் கொடுக்கும் டென்ஸும் வேண்டாம், ஐ.எஃப்.டி.யும் வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்க பிசியோ சங்கமும் 2014இல், உடற்பயிற்சி செய்ய வைப்பதற்குத் துணையாகத் தேவைப்பட்டாலொழிய இதெல்லாம் வேண்டாம் என்றது. மெஷினை விற்றுவிட்டு அந்தப் பெண்ணுக்கு எக்சர்சைஸ் சொல்லித்தரக் கற்றுக்கொடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:
பாதி சரி. ஆனால் எக்சர்சைஸ் மட்டும் சொல்லி அனுப்பினால், "என்ன சார், கரண்ட் வைக்கலையா?" என்று கேட்டுவிட்டு மறுநாள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். மெஷின் அறையில் இருக்கும்வரை யாரோ ஒருவர் அதைப் போடத்தான் போகிறார்.

நாலு வாரம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் முதல் வாரத்தில் என்ன சொல்லித்தருவேன் என்று மட்டும் கேளுங்கள். மெஷின் கிடையாது. இரண்டு சோதனைக் குழாய், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, எது எது என்று மாற்றி மாற்றித் தொட்டுக் கேட்க வேண்டும். பாதத்தில் தொடு உணர்ச்சி பார்க்க, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. தப்பாகச் சொன்னால் அந்த இடத்தில் சூடு இல்லை, பேச்சு முடிந்தது. அந்த அம்மாவுக்கு இதைச் செய்திருந்தால் கொப்புளமே வந்திருக்காது. உணர்ச்சி மரத்த காலிடம் 'சூடு தெரியுதா' என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

அதற்கப்புறம்தான் பேக்கைச் சூடாக்கும் தொட்டி. தண்ணீர் 71 முதல் 74 டிகிரி. பேக்கைச் சுற்றி ஆறு முதல் எட்டு மடிப்பு டவல். பேக்கின் மேல் ஆளைப் படுக்க வைக்கக்கூடாது, உடம்பு எடையில் டவல் நசுங்கிச் சூடு நேராக இறங்கும். ஐந்தாவது நிமிஷம் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். நோயாளி கையில், கூப்பிட அடிப்பதற்கு ஒரு மணி.

ஆறு பெட் அக்கா எழுதியது:
சார், எட்டு மடிப்பு என்கிறீர்கள். எந்த டவலில்? எங்கள் டவல் துவைத்துத் துவைத்து வலை மாதிரி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் பாதி ஈரத்தோடு எடுத்துச் சுற்றுவோம். ஈர டவலில் சூடு இன்னும் வேகமாக இறங்கும் என்று நான் கற்றது ஒரு தாத்தாவின் தோள் சிவந்த பிறகுதான்.

இன்னொன்று. போன வருஷம் ஒருவர் கால் மரத்துப்போயிருக்கிறது என்றார். நான் பேக் வைக்க மாட்டேன் என்றேன். அவர் கவுன்டரில் போய்க் கத்த, திட்டு வாங்கியது நான். ஜெர்சி அண்ணன் நிறுத்தலாம் என்கிறார். இங்கே நாங்கள் நிறுத்தினால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பாடத்தோடு அதையும் எழுதிக் கொடுங்கள்: உதவியாளர் 'வேண்டாம்' என்றால் பிசியோ வந்து பார்க்கும்வரை அது வேண்டாம்தான்.

நெல்லைச்சீமை எழுதியது:
மேடம், அந்த வரிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். காவிரிக்கரை சார், முதல் வாரப் பாடத்தை அப்படியே அனுப்புங்கள், எங்கள் பையனுக்குத் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். ஹாட் பேக், சூடான மெழுகு ஒத்தடம், டென்ஸ், இவ்வளவுதான் விடுவேன். அல்ட்ராசவுண்டில் மெஷினின் தலையை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு ஃபோன் பார்ப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், அது கிடையாது. டயாதெர்மி அறைச் சாவி என் பாக்கெட்டை விட்டு வெளியே வராது.

ஆறு பெட் அக்கா எழுதியது:
சாவி உங்களிடமே இருக்கட்டும் சார். திங்கட்கிழமைக்கு முன்னால் அந்தத் தம்பிக்கு ஒரு டஜன் புது டவல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.