மூலக்காரணப் பகுப்பாய்வு: 'கவனக்குறைவு' என்ற விடையைத் தாண்டுவது எப்படி?

கேள்வி

வணக்கம். நான் ஓர் உற்பத்திக் கூடத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். புட்டிகளில் லேபிள் கோணலாக ஒட்டப்பட்டிருப்பதாக வரும் புகார்களுக்கு, "ஆபரேட்டரின் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதி அறிக்கையை முடித்துவிடுகிறோம், சில வாரங்களில் அதே புகார் திரும்பி வருகிறது. மூலக்காரணப் பகுப்பாய்வை முறையாகக் கற்க விரும்பி, ஒவ்வொரு விடைக்கும் மீண்டும் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போகும் 'ஐந்து ஏன்' முறையையும், சிக்கலைத் தலையாகவும் இருக்கக்கூடிய காரணங்களை முட்களாகவும் வரையும் மீன்முள் வரைபடத்தையும் படித்தேன். படிக்கும்போது எளிதாகத் தோன்றுகிறது. கூட்டத்தில் பயன்படுத்தினாலோ, யார் உரக்கப் பேசுகிறாரோ அவருடைய கருத்தே காரணமாக முடிகிறது. எதிலிருந்து தொடங்க வேண்டும்? எந்த 'ஏன்' கடைசி 'ஏன்' என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மறுமொழி 1

நீங்கள் குறிப்பிட்ட இரண்டுமே காரணத்தைத் தேடும் கருவிகள். தேடலுக்கு முன்னர், எதற்குக் காரணம் தேடுகிறோம் என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். பெரும்பாலான கூட்டங்கள் தடம் புரள்வது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. "லேபிள் கோணலாக உள்ளது" என்பது புகார் மட்டுமே. எந்த அளவுப் புட்டியில், எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில், எந்தப் பக்கமாக, எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது, எப்போது முதல் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது ஆராயத்தக்க சிக்கலாகிறது.

இதற்கு 'உள்ளது – இல்லாதது' என்னும் அட்டவணை மிகவும் பயன்படும். 1958ஆம் ஆண்டில் சார்லஸ் கெப்னரும் பெஞ்சமின் டிரிகோவும் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகப் பரவிய முறை இது. அட்டவணையின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) குறை எங்கே, எப்போது, எந்த அளவில் தென்படுகிறது என்று எழுதுங்கள். அடுத்த பத்தியில், தென்பட்டிருக்கக்கூடும், ஆனால் தென்படவில்லை என்ற இடங்களையும் நேரங்களையும் எழுதுங்கள். இரண்டாவது பத்தியை நிரப்புவதுதான் கடினம். பலன் அனைத்தும் அதில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரே லேபிள் சுருளை இரண்டு இயந்திரங்களில் பயன்படுத்தியும் ஒன்றில் மட்டுமே கோணல் வருகிறது என்றால், லேபிளின் தரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டில் அண்மையில் என்ன மாறியது என்ற கேள்விகள் தாமாகவே எழும்.

உரக்கப் பேசுபவரைச் சமாளிக்கவும் இந்த அட்டவணையே போதும். அவர் சொல்லும் காரணம் இரண்டு பத்திகளையும் விளக்க வேண்டும். ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம் என்றால், அதே ஆபரேட்டர் அடுத்த இயந்திரத்தில் நிற்கும்போது குறை ஏன் வருவதில்லை என்று அமைதியாகக் கேளுங்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் அன்றாடம் எழும் சிறு சிக்கல் ஒவ்வொன்றுக்கும் முழு அட்டவணை போட்டால் நாளடைவில் யாரும் செய்ய மாட்டார்கள். இயந்திரத்தின் அருகில் நின்றுகொண்டு, கண்ணால் கண்டதை மட்டும் வைத்து 'ஏன்' கேட்பதே பல நேரங்களில் போதுமானது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய பொறியாளர் தாய்ச்சி ஓனோ தந்த எடுத்துக்காட்டை நினைவில் கொள்ளுங்கள். இயந்திரம் நின்றது, மிகைச் சுமையால் ஃபியூஸ் போனதால். மிகைச் சுமை ஏற்பட்டது, பேரிங்கில் மசகு எண்ணெய் போதாததால். எண்ணெய் போதவில்லை, பம்ப் சரியாக இறைக்காததால். பம்ப் இறைக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்திருந்ததால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள்கள் உள்ளே புகுந்ததால். ஃபியூஸையோ தண்டையோ மாற்றிவிட்டு நிறுத்தியிருந்தால், சில மாதங்களில் அதே கோளாறு மீண்டும் வந்திருக்கும்.

ஐந்து என்ற எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: கண்டறிந்த காரணத்தை நீக்கினால் குறை மறைய வேண்டும், முடிந்தால் அதை மீண்டும் கொண்டுவந்து குறை திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும், மேலும் அது நம்மால் மாற்றக்கூடிய ஒரு பணிமுறையிலோ அமைப்பிலோ இருக்க வேண்டும். சங்கிலியைக் கீழிருந்து மேலாக 'ஆகவே' சேர்த்துப் படித்தால், இட்டுக்கட்டிய கண்ணி உடனே இடறும். ஒரே 'ஏன்' கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைத்தால் இரண்டு கிளைகளையும் தொடருங்கள். ஒற்றைச் சங்கிலியாக எழுதும் பழக்கம்தான் இந்த முறையின் பெரிய பலவீனம்.

'கவனக்குறைவு' என்ற விடை வந்தால், நிறுத்தாமல் அடுத்த 'ஏன்' கேளுங்கள். அனுபவமுள்ள வேறொருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் அதே தவறு நேர்ந்திருக்குமா? நேர்ந்திருக்கும் என்றால், ஆளை விட்டுவிட்டு வேலையின் அமைப்பை ஆராய வேண்டும். 2003ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோட விபத்தை ஆராய்ந்த குழுகூட, நுரைத் துண்டு இறக்கையைத் தாக்கியது என்பதோடு நிற்காமல், நாசாவின் நிறுவனப் பண்பாட்டையும் காரணமாகப் பதிவு செய்தது.

மீன்முள் வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அது சந்தேகங்களின் பட்டியல் மட்டுமே. ஒவ்வொரு முள்ளையும் சோதித்து, பொருந்தாதவற்றை அடித்து நீக்காத வரை, அது சுவரில் ஒட்டி அழகு பார்க்க மட்டுமே உதவும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கல்: எங்களிடம் மாதாந்தரப் புகார் எண்ணிக்கை மட்டுமே உள்ளது, ஷிப்ட் வாரியான விவரம் இல்லை. நிர்வாகமோ ஒரு வாரத்தில் அறிக்கை கேட்கிறது.

மறுமொழி 3

தற்காலிகத் தடுப்பையும் நிரந்தரத் தீர்வையும் ஒரே அறிக்கையில் கலக்காதீர்கள். ஃபோர்டு நிறுவனம் 1987இல் வகுத்த, சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் 'எட்டுத் துறை' (8D) முறையில் இவை இரண்டும் தனித்தனிப் படிகளாகவே உள்ளன. முதல் வாரத்தில், கோணல் லேபிள் வெளியே செல்லாதபடி கூடுதல் பரிசோதனை வைத்திருப்பதையும், விவரம் சேகரிக்கத் தொடங்கியிருப்பதையும் எழுதிக் கொடுங்கள். விவரம் சேகரிக்கக் கணினி தேவையில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தாளை மாட்டி, ஒவ்வொரு கோணலுக்கும் நேரம், புட்டியின் அளவு, சாய்ந்த பக்கம் ஆகியவற்றை ஆபரேட்டரே குறிக்கச் செய்யுங்கள். குற்றம் தன்மீது வராது என்ற உறுதி அவருக்கு இருந்தால் மட்டுமே அந்தத் தாள் உண்மையைச் சொல்லும். அந்த உறுதியை மேலாளரே நேரில் தர வேண்டும்.

தீர்வைத் தேர்ந்தெடுக்கும்போது மறுபயிற்சியையும் எச்சரிக்கைப் பலகையையும் கடைசியில் வையுங்கள். புட்டி தவறான நிலையில் வந்தால் இயந்திரம் ஒட்டவே முடியாதபடி செய்யும் மாற்றம், நினைவாற்றலை நம்பும் எந்த ஏற்பாட்டையும்விட நெடுநாள் நிலைக்கும். மாற்றத்தைச் செய்த பிறகு, முன்பு புகார் திரும்பி வர எடுத்துக்கொண்ட காலத்தைப் போல இரண்டு மடங்கு காலமாவது அதே தாளைத் தொடர்ந்து நிரப்புங்கள். அதற்கு முன் அறிக்கையை மூட வேண்டாம்.