மறு: ‘ரோலிங் ரிலீஸ்’: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

திருச்சி, செவ்வாய் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பழைய கணினிகளைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கு வைத்திருக்கிறோம். கையில் கொடுக்கப் பதினாறு பக்கக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லைத் தவிர எல்லாம் முடிந்தது. அச்சகத்தில் வெள்ளி மாலைக்குள் கேட்கிறார்கள்.

எந்த லினக்ஸ் வழங்கலை, அதாவது இயங்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்த தொகுப்பை, நிறுவுவது என்ற பகுதியில் இரண்டு வகையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாம் எண் போட்டு வருபவை. டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10-இல். 13 வந்தது 2025 ஆகஸ்டு 9-இல். நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய வழுக்களுக்கான திருத்தங்களும்தான் வரும். ஆர்ச், ஓபன்சூசே டம்பிள்வீடு போன்றவற்றில் 12, 13 என்ற பேச்சே கிடையாது. மென்பொருள்கள் புதிதாக வர வர வழங்கலும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். இந்த ரோலிங் ரிலீஸுக்கு வரைவில் ‘தொடர் வெளியீடு’ என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை. முதல் வகைக்கும் ஓர் எதிர்ச்சொல் வேண்டும். கைகொடுங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் மதியம்

தம்பி, மனசு ஒப்பாதது சரிதான். தொடர் என்றதும் வாசகருக்குத் தொடர்கதைதான் நினைவுக்கு வரும். 11, 12, 13 என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடுவதும் தொடர்தானே? அப்படிப் பார்த்தால் டெபியனுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

‘உருள் வெளியீடு’ என்று வையுங்கள். ஆங்கிலத்தில் உருளுகிறது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இது வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். உருண்ட, உருளுகின்ற, உருளும் என்ற மூன்றும் ‘உருள்’ என்ற ஒரு வினையடிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஊறுகாயை நினைத்துப் பாருங்கள். ஜாடியில் இருக்கிற காய் நேற்றும் ஊறியது, இன்றும் ஊறுகிறது, நாளையும் ஊறும். எந்த நாளில் எடுத்துப் போட்டாலும் அது ஊறுகாய்தான். நீங்கள் சொல்கிற வழங்கலும் எந்த நாளில் நிறுவினாலும் அன்றைக்கு முழுமையானது, மறுநாள் மாறப்போவது. காலம் கரந்த பொருளுக்குக் காலம் கரந்த சொல்லே பொருத்தம்.

வள்ளுவர் ‘உருள்பெருந்தேர்’ என்றார். அந்த உருளும் இதே வினைத்தொகைதான். உருள், சுருள், புரள், திரள் என்று அடுக்கிச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இவை நான்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிகின்றன. வளைதலும் கூடுதலும் இல்லாமல் இவற்றில் ஒன்றும் இல்லை. உருளி, உருளை, உருண்டை எல்லாம் அங்கிருந்து வந்தவை. அடுக்களை வரைக்கும் புழங்குகிற வேரை விட்டுவிட்டு வேறு தேட வேண்டாம்.

இன்னொன்று. வரைவில் டெபியன் 13-இன் பெயரை ‘ட்ரிக்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ‘திரிக்சி’ என்று மாற்றுங்கள்.

சென்னை, செவ்வாய் மாலை

ஐயா, ‘திரிக்சி’ என்று அச்சடித்தால் திருச்சியில் பாதிப் பேர் அதை அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிடுங்கள்.

முதல் கேள்விக்கு என் கருத்து: ‘ரோலிங்’ என்றே எழுதுங்கள் அண்ணா. நான் நாள் முழுக்கச் சேவையகங்களோடு கிடக்கிறவன். பயிலரங்கு முடிந்து வீட்டுக்குப் போன ஆசிரியர் இணையத்தில் எதைத் தேடுவார்? உருள் வெளியீடு என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மனிதரை நடு வழியில் விட்ட மாதிரி ஆகிவிடும்.

எதிர்ச்சொல்லிலும் கவனம் தேவை. புள்ளி வெளியீடு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். டெபியனில் அந்தப் பெயர் 13.1 போன்றவற்றுக்கு. 2025 செப்டம்பர் 6-இல் வந்த அது புதிய வழங்கல் இல்லை; அதுவரை வந்த திருத்தங்களைத் திரட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பருவ வெளியீடு என்பதும் உபுண்டுவுக்குச் சரி, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தவறாமல் வரும். டெபியனோ வேலை முடிந்தால்தான் வரும்.

திருநெல்வேலி, செவ்வாய் இரவு

ஐயாவின் ஊறுகாய் மனசில் ஒட்டிக்கொண்டது. நாளைக்கே வகுப்பில் சொல்வேன். ஆனால் ‘உருள்’ எனக்கு இடிக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பேச்சில் ‘உருட்டு’ என்றால் பொய் அளப்பது. ‘சும்மா உருட்டாதே’ என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறேன். அவர்கள் முன்னால் பலகையில் இந்தச் சொல்லை எழுதினால் வகுப்பு கலைந்துவிடும்.

எனக்கு இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. போன மாதம் ஒரு மாணவன் மடிக்கணினியோடு வந்து நின்றான். இந்த வகை வழங்கல் ஒன்றை அவனாகவே நிறுவியிருக்கிறான். தேர்வு, விடுமுறை என்று நாலு மாதம் திறக்கவே இல்லை. அப்புறம் ஒரே மூச்சில் புதுப்பிக்கப் போயிருக்கிறான். ஆயிரத்துச் சொச்சம் மென்பொருள் பொதிகள் வரிசையில் நின்றன. பொதிகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிக்கொத்து அவனிடம் பழசாகிக் கிடந்ததால் ஒன்றுகூட ஏறவில்லை. திரை முழுக்கக் கையொப்பப் பிழை. சாவிக்கொத்துப் பொதியை முதலில் தனியாகப் புதுப்பித்த பிறகுதான் மற்றவை மளமளவென்று ஏறின. அவன் என்னிடம், ‘மிஸ், இன்ஸ்டால் பண்ணினதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்’ என்றான்.

அந்த இடத்தில்தான் சொல் உதவ வேண்டும். இது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை, நீயும் கூடவே போக வேண்டும் என்று பெயரே சொல்ல வேண்டும். நான் அவனுக்குக் குளத்தையும் ஆற்றையும் காட்டி விளக்கினேன். குளத்தில் மடை திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். தாமிரபரணி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். உடனே புரிந்துகொண்டான். அதனால் ‘ஆற்றொழுக்கு வெளியீடு’ என்று முன்மொழிகிறேன்.

தஞ்சாவூர், புதன் விடியற்காலை

அம்மா, உங்கள் மடலைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நன்னூல் பாயிரத்தில் சூத்திர நிலை நான்கு: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஓபன்சூசே இரண்டு வழங்கல்கள் தருகிறதே, ஒன்று டம்பிள்வீடு, இன்னொன்று லீப். பின்னது எண் போட்டு வருவது, 2025 அக்டோபரில் 16 வந்தது. லீப் என்றாலே தாவுதல்! ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாவுவது தவளைப் பாய்த்து. நிற்காமல் செல்வது ஆற்றொழுக்கு. பவணந்தியார் இரண்டையும் ஒரே நூற்பாவில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஆற்றொழுக்கு என்பது நூற்பாக்கள் இடையறாமல் செல்லும் முறையைச் சொல்வது. பெயரடையாக வைத்தால் நீளம். ‘உருள்’ மூன்றே எழுத்து. என் வாக்கு இன்னும் உருளுக்கே.

யாழ்ப்பாணம், புதன் காலை

எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் எல்லாரும் முதற்சொல்லில் நிற்கிறீர்கள். பிழை இரண்டாவது சொல்லில் இருக்கிறது. ஆர்ச்சில் எது வெளியீடு? மாதாமாதம் வருகிற படிமம் (நிறுவல் கோப்பு) புதிதாக நிறுவுகிறவருக்கானது மட்டும். ஏற்கனவே வைத்திருப்பவருக்கு வெளியீடு என்ற ஒன்று நிகழ்வதே இல்லை. வெளியீடே இல்லாததற்கு உருள் வெளியீடு என்று எப்படிப் பெயர் வைப்பது?

‘இற்றை வழங்கல்’ என்று சொல்லலாம். இன்றைய நிலையில் எப்போதும் இருப்பது. பாரி மகளிர் ‘அற்றைத் திங்கள்’, ‘இற்றைத் திங்கள்’ என்று பாடியதில் இந்த வேறுபாடு முழுக்க இருக்கிறது. 2023 ஜூனில் உறைந்து நின்ற டெபியன் 12 அற்றை; இன்று காலை வரை வந்தது இற்றை. எங்களிடையே அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல் என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது.

டம்பிள்வீடு என்ற பெயரைப் பற்றியும் ஒன்று. அது காற்றில் வேரறுந்து உருண்டு போகும் செடி. எங்கள் வடமராட்சிக் கிழக்கு மணலிலும் அப்படி ஒன்று உண்டு, இராவணன் மீசை. சிறுவயதில் அதன் முள்ளு உருண்டைகளைக் காற்றுக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஓடியிருக்கிறோம். ஓடிப் பிடித்தால் கை முழுக்கக் குத்தும். உருண்ட வழியெல்லாம் விதை சிந்திக்கொண்டே போகும். உருள் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல உவமை கிடையாது, இருந்தும் நான் இற்றைக்கே.

சென்னை, புதன் மதியம்

அண்ணை, டம்பிள்வீட்டில் வெளியீடு உண்டு. பொதிகளைத் தனித்தனியாக விடமாட்டார்கள். ஒரு நாளின் நிலையை மொத்தமாகத் திரட்டி, ஓபன்க்யூஏ தானியங்கிச் சோதனையில் தேறினால்தான் வெளியே விடுவார்கள். ஒரே வாரத்தில் நாலைந்து வரும். அதனால் வெளியீடு என்ற சொல் நிற்கலாம்.

இற்றை என்பதில் எனக்கு வேறு பயம். எங்கள் ஊரில் ‘கயிறு இற்றுப்போச்சு’ என்றால் நைந்து அறுந்துவிட்டது என்று பொருள். இற்றை வழங்கல் என்றால் என் அம்மாவுக்கு நைந்துபோன வழங்கல் என்றுதான் படும்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

தம்பி, இற்றுப்போவது ‘இறு’ என்ற வினையிலிருந்து வருவது. இற்றை ‘இன்று’ என்பதிலிருந்து. காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது என்று சொற்களைக் கழித்துக்கொண்டே போனால் உருளும் உருட்டாகிக் கழிந்துவிடும். அக்கா சொன்னது அதுதானே?

திருச்சி, வெள்ளி மதியம்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு வரை வந்த மடல்களை எண்ணினேன். தனி மடல்களையும் சேர்த்து உருள் ஆறு, ஆற்றொழுக்கு மூன்று, இற்றை இரண்டு, ரோலிங் என்றே விடுக என்பவர் நால்வர். பெரும்பான்மை என்று சொல்ல முடியாது. அச்சகத்துக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார்.

கையேட்டில் இப்படிப் போயிருக்கிறது: முதல் இடத்தில் ‘உருள் வெளியீடு, ரோலிங் ரிலீஸ் என்று இணையத்தில் தேடுக’, பிறகு எல்லா இடத்திலும் உருள் வெளியீடு. எதிர்ச்சொல் ‘எண் வெளியீடு’. அந்த வகை எல்லாவற்றிலும் எண் இருக்கிறது என்பதால் எளிதாகப் புரியும் என்று நானே வைத்தேன். ஐயாவின் ஊறுகாயும் அக்காவின் குளமும் ஆறும் பக்கம் 7-இல் பெட்டியாக வருகின்றன. அதன் கீழே தடித்த எழுத்தில் ‘உருள் வெளியீட்டை நிறுவினால் வாரம் ஒருமுறையாவது புதுப்பியுங்கள்’. பழைய கணினிக்கும் முதன்முதல் வருகிறவருக்கும் எண் வெளியீடே என்று பரிந்துரைத்திருக்கிறேன். ட்ரிக்சி ட்ரிக்சியாகவே இருக்கிறது. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம், வெள்ளி இரவு

அச்சுக்குப் போனது போகட்டும். என் மறுப்பு குழுவின் ஆவணத்தில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது இற்றை வழங்கலைத் திரும்பக் கொண்டுவருவேன். எண் வெளியீடும் எனக்கு உடன்பாடில்லை. டம்பிள்வீட்டின் ஒவ்வொரு திரட்டுக்கும் தேதியே எண்ணாக இருக்கிறது.

திருநெல்வேலி, திங்கள் மாலை

வகுப்பில் உருள், ஆற்றொழுக்கு இரண்டையும் பலகையில் எழுதினேன். உருளுக்குச் சிரித்தார்கள், நான் நினைத்த அளவுக்கு இல்லை. அந்த மாணவன் தன் ஏட்டில் ‘ஆத்து வெளியீடு’ என்று எழுதி வைத்திருக்கிறான். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த பாடத்துக்கு இன்னொரு சொல் வேண்டும். புதிய பதிப்பில் செய்த திருத்தத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார்களே, டெபியனில் பேக்போர்ட் என்கிறார்கள். ‘பின்கொணர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வியாழக்கிழமைக்குள் சொன்னால் போதும்.