ஞாயிறு குழுப் பயணத்தில் முதன்முறையாகச் சேர்வது குறித்து

கேள்வி: திருவான்மியூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சைக்கிள் ஓட்டத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன; கியர் உள்ள ஹைபிரிட் வண்டியில் பெசன்ட் நகர்ப் பக்கம் நாள்தோறும் 10 கி.மீ. ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் விடியற்காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முட்டுக்காடு வரை சென்று திரும்பும் எங்கள் பகுதிக் குழுவினர், என்னையும் அன்போடு அழைத்திருக்கிறார்கள். போய்வர ஏறத்தாழ 40 கி.மீ. இருக்கும். தூரத்தைவிட, என் பொருட்டு மற்றவர்கள் ஆங்காங்கே காத்து நிற்க நேருமோ என்பதே என் தயக்கம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பின்வரிசைக்காரன்

வணக்கம் அம்மா. எங்கள் குழுவில் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் நான்தான் கடைசி ஆளாக வருவேன். எவர் பின்தங்கினாலும் அவருக்குப் பின்னால் ஓட்டி வருவதே அந்தப் பொறுப்பு. அது எனக்குச் சுமையாக ஒருநாளும் தோன்றியதில்லை. ஆகவே, "கடைசியில் யார் வருவார்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். உடனே ஒருவரைக் காட்டினார்களென்றால் தயங்காமல் சேரலாம்.

குழுவில் ஓட்டும்போது வேகத்தைக் காட்டிலும் நேர்க்கோட்டில் செல்வதுதான் முக்கியம். முன்னால் போகிறவர் குழியைக் கண்டதும் கையைத் தாழ்த்திச் சுட்டிக்காட்டுவார். நீங்களும் அதே சைகையைப் பின்னால் வருபவருக்குக் காட்ட வேண்டும். முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தோடு ஒட்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு குறையும் என்பது உண்மையே என்றாலும், முதல் சில வாரங்களுக்கு ஒரு வண்டி நீளமாவது இடைவெளி விடுங்கள். திடீரென்று பிரேக் பிடிக்கவே கூடாது. 5 மணிக்கு இருட்டாக இருக்குமாதலால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

பதில் 2: கோவளம் காற்று

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தச் சாலையில் மேடு இல்லாத குறையைக் காற்றுதான் தீர்த்து வைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று வீசுவதால் தெற்கு நோக்கிப் போகும்போது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் வலுவையெல்லாம் செலவழித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். கோடையில் தெற்குக் காற்று என்பதால் இது தலைகீழாகும். முட்டுக்காட்டுப் பாலத்தில் இருபுறமும் நீர்வெளி, தடுப்பதற்கு மரமோ கட்டடமோ இல்லை. பக்கவாட்டிலிருந்து காற்று வண்டியைத் தள்ளும்போது கைப்பிடியை இறுக்காமல் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து மிதியுங்கள். புறப்படுவதற்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

பதில் 3: இரண்டு டியூப்

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த குழுவில் பின்தொடர்பவர் என்று எவருமில்லை. கோவளம் தாண்டிப் பின்சக்கரம் பஞ்சராகி நான் நின்றதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஞாயிறு காலை என்பதால் கடைகளும் திறக்கவில்லை. மாற்று டியூப் என்னிடம் இருந்தும், என் சக்கரத்தில் இருந்த மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் கையிலிருந்த பம்ப் பொருந்தாததால், ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்தே டியூப் வாங்குங்கள். வால்வு எந்த வகை என்பதையும், பம்ப் அதற்குப் பொருந்துகிறதா என்பதையும் வீட்டிலேயே ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள். இப்போது நான் இருக்கும் குழுவில் ஒருவர் நின்றால் அத்தனை பேரும் ஓரங்கட்டுகிறார்கள்.

திருவான்மியூர் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவினரிடம் கேட்டேன், கடைசியில் வருபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராம், அவரே தொலைபேசியில் அழைத்து, வழியிலுள்ள உத்தண்டி வரை மட்டும் வந்து திரும்பினாலும் உடன் வருவதாகச் சொன்னார். என் வண்டியில் இருப்பது மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு. இன்று மாலை டியூபும் பம்பும் வாங்கி, நீங்கள் சொன்னபடியே காற்றடித்துப் பார்க்கிறேன்.