ஒரே புயல், பக்கத்துப் பக்கத்துத் தோப்பு: ஒரு வீடு மட்டும் ஏன் விழுந்தது?

முந்திரிக்காட்டான்:
பண்ருட்டி பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது ஆளுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30, தானே புயல், இரண்டு தோப்பும் வேரோடு சாய்ந்தன. இன்று எங்களுக்கு மாடி வீடு, சித்தப்பாவுக்கு நிலமே இல்லை, சித்தி கொட்டை உடைக்கப் போய் கையெல்லாம் கொட்டை ஓட்டின் பால் பட்டுக் கறுத்துக் கிடக்கிறது. ஊரில் கேட்டால் "குடிச்சே அழிச்சான்" என்று முடித்துவிடுகிறார்கள். குடிப்பவர்தான், ஆனால் எங்கள் அப்பா மட்டும் என்ன மோர் குடித்தாரா? இதில் நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைகிறது என்று செய்தி வேறு.

கெடிலக்கரை:
புயலை விடுங்கள் தம்பி, அதற்கு அடுத்த நாலைந்து வருஷத்தைச் சொல்லுங்கள். முந்திரி நட்டால் காய்ப்பைக் கண்ணில் பார்க்கவே மூன்று வருஷம் ஆகும், கையில் காசு நிற்க இன்னும் ஆகும். அதுவரை அடுப்பு எதில் எரிந்தது?

முந்திரிக்காட்டான்:
அண்ணன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான், மாசம் பணம் வந்தது. சித்தப்பா வீட்டில் இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2013இல் சித்திக்கு கர்ப்பப்பை ஆபரேஷன், தனியாரில். முதலில் நகை போனது, அப்புறம் வட்டிக்கு வாங்கினார்கள்.

புதுவைவாசி:
அந்தச் செய்தி பொய்யில்லை, ஆனால் அது எதை அளக்கிறது என்று பாருங்கள். அரசின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புற கினி, அதாவது ஏற்றத்தாழ்வை அளக்கும் எண் (0 என்றால் எல்லோரும் சமம், 1ஐ நெருங்க நெருங்க ஏற்றத்தாழ்வு அதிகம்), 2022-23இல் 0.266, அடுத்த வருஷம் 0.237. நகரத்தில் 0.314, அது 0.284 ஆனது. இது வீடு செய்யும் செலவின் கணக்கு, நிலமும் நகையும் கடனும் இதில் தெரியாது. வட்டிக்கு வாங்கி ஆபரேஷன் செய்த வருஷம் உங்கள் சித்தப்பா வீடு நன்றாகச் செலவு செய்த வீடாகத்தான் பதிவாகும்!

நெல்லிக்குப்பத்துக்காரி:
2012 ஜனவரியிலேயே முதல்வர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டதே, ஏன் வட்டிக்குப் போனார்கள்?

முந்திரிக்காட்டான்:
ரேஷன் அட்டை இல்லை அக்கா. பாகம் பிரித்ததும் தாத்தா அட்டையில் இருந்து பெயரை எடுத்தார்கள், புது அட்டைக்கு எழுதிக் கொடுத்து சித்தப்பா இரண்டு வருஷம் நடையாய் நடந்தார். அது இல்லாமல் காப்பீட்டு அட்டை ஏது.

நெல்லிக்குப்பத்துக்காரி:
அப்படிச் சொல்லுங்கள். குடியும் இல்லை, புயலும் இல்லை, ஒரு காகிதம். 2023 செப்டம்பரில் இருந்து உரிமைத்தொகை ஆயிரம் வருகிறது, நல்லதுதான், ஆனால் நிலம் போன பிறகு வரும் ஆயிரம் அரிசி பருப்புக்குச் சரி, நிலத்தை மீட்காது. பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

முந்திரிக்காட்டான்:
பெரியவன் பத்தாவதோடு கட்டட வேலைக்குப் போய்விட்டான். சின்னவள் அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் ஆயிரம் வந்தது, கல்லூரி முடித்துவிட்டாள்.

கெடிலக்கரை:
நிலம் யாருக்குப் போனது?

முந்திரிக்காட்டான்:
அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2014இல் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். ஒரு ஏக்கர் வெளியாளுக்கு, இன்னொரு ஏக்கரை வாங்கியது எங்கள் அப்பா, அண்ணன் அனுப்பிய பணத்தில். இப்போது அதில் மரம் நன்றாகக் காய்க்கிறது. சீசனில் கொட்டை பொறுக்க சித்தி வருவார், கூலிக்கு.