மாலை போடும் படத்துக்குப் பின்னணி மாற்றிய அனுபவங்கள்

சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் பதினாறாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். தனியாக எடுத்த நல்ல படம் பெரும்பாலும் இருக்காது. கல்யாண வீட்டில் கூட்டத்தோடு நின்ற படத்தை செல்போனில் காட்டி, "அண்ணே, அம்மாவ மட்டும் எடுத்து, பின்னாடி நீலமா போட்டுக் குடுங்க" என்பார்கள்.

போன மாதம் அப்படித்தான் ஒருவர் வந்தார். ஒரு செல்போன் செயலியில் அவரே முயன்று பார்த்திருக்கிறார். அந்தச் செயலி மண்டபத்துத் திரையோடு சேர்த்து அம்மா தலையில் இருந்த மல்லிகைப்பூவையும் வெட்டிவிட்டது. காதோரம் பறந்த நரைமுடி ஒன்றும் மிஞ்சவில்லை. "இது எங்கம்மா மாதிரியே இல்லண்ணே" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒருவரின் சாயல் முகத்தில் மட்டும் இல்லை, தலைமுடியின் ஓரத்திலும் இருக்கிறது.

போட்டோஷாப்பில் 2018இல் வந்த, ஆளைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் 'செலக்ட் சப்ஜெக்ட்' உடம்பு, புடவை வரை நன்றாகவே பிடித்துத் தரும். தலைமுடிக்கு நான் இன்னும் சேனல் வழியைத்தான் நம்புகிறேன். சேனல் என்பது படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனியே காட்டும் கறுப்பு வெள்ளைப் பிரதி. அந்தப் படத்தில் பின்னால் மெரூன் திரை. நீலச் சேனலிலும் பச்சைச் சேனலிலும் திரை இருட்டாகவும் நரைமுடி வெளிச்சமாகவும் தெரிந்தது. நீலத்தில் மணல்போன்ற புள்ளி (நாய்ஸ்) அதிகம் என்பதால் பச்சையை நகல் எடுத்தேன். இருட்டையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் 'லெவல்ஸ்' வைத்துத் திரையைக் கறுப்பாகவும் முடியை வெள்ளையாகவும் தள்ளி, முகத்தையும் பூவையும் பிரஷ்ஷால் வெள்ளை அடித்து, அதையே லேயர் மாஸ்க் ஆக்கினேன். மாஸ்க்கில் வெள்ளையான இடம் தெரியும், கறுப்பான இடம் மறையும், படம் அழியாது. ரப்பரால் எதையும் அழிப்பதில்லை. மாஸ்க்காக இருந்தால்தான், பூவில் ஓர் இதழ் விடுபட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியும்.

அப்புறம் முடியின் ஓரத்தில் திரையின் சிவப்பு ஒட்டியிருந்தது. மேலே ஒரு லேயரை அம்மா உருவத்துக்குள் மட்டும் தெரியும்படி கிளிப் செய்து, வெளிச்சம் மாறாமல் நிறம் மட்டும் மாற பிளெண்டிங்கை 'கலர்' என்று வைத்து, முடியிலிருந்தே சாம்பல் நிறத்தை எடுத்து மெல்லப் பூசினேன். விளிம்பைச் சரிசெய்யும் 'செலக்ட் அண்ட் மாஸ்க்'கில் இதற்கு 'டீகான்டாமினேட்' என்று ஒரு வசதி உண்டு. ஆனால் அது முடியோடு நிற்காமல் மற்ற விளிம்புகளிலும் நிறத்தைத் தொட்டுவிடும்.

தோளில் யாரோ ஓர் உறவினரின் கை. அதை எடுத்துவிட்டுப் புடவைக் கரையைப் பக்கத்திலிருந்து நகலெடுத்து நிரப்பியதுதான் (குளோன்) அதிக நேரம் பிடித்தது.

பின்னணி விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளர் கேட்டபடி செய்யாமல் அவரிடம் பேசிப் பார்த்தேன். மண்டபத்து மஞ்சள் வெளிச்சம் முகத்தில் இருக்கும்போது பளிச்சென்ற நீலம் வைத்தால் முகம் ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். பழைய திரையின் இருட்டுக்கு நெருக்கமான பழுப்பு ஒன்றை வைத்தேன். புதுப் பின்னணி பழையதன் வெளிச்ச அளவுக்கு ஒத்துப்போனால் பாதித் தொல்லை இல்லை, மாஸ்க்கில் விடுபட்ட சின்னச் சின்ன முடிகூட இயல்பாகத் தெரியும். கடைசியில் பின்னணியில் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தேன். செல்போன் படத்துப் புள்ளி முகத்தில் மட்டும் இருந்து பின்னால் வழவழவென்று இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

உங்களில் யாருக்காவது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் கூட்டணியில் வேலை வந்ததுண்டா?

மறுமொழி:
எனக்கு வந்தது அண்ணா. தாத்தா வெள்ளைச் சட்டை, பின்னால் சுண்ணாம்புச் சுவர். எந்த ஆட்டோ செலக்‌ஷனும் தோளை விட்டுவைக்கவில்லை. கோடு வரைந்து தேர்ந்தெடுக்கும் பென் டூல் எடுத்துத் தோளையும் கையையும் கையாலேயே வரைந்தேன். துணிக்கு முடிபோல மெல்லிய இழை இல்லாததால் பென் டூல் போதும். விளிம்பு மென்மையாகத் தெரிய அரை பிக்சல் பெதர் கொடுத்தேன். நீங்கள் சொன்ன வெளிச்ச அளவு உண்மை. அடர்நீலம் வைத்தபோது சட்டை ஓரம் கோடு போட்டதுபோல் நின்றது. வெளிர்சாம்பல் வைத்ததும் அடங்கிவிட்டது.

மறுமொழி:
நான் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு 2 அங்குலத்துக்கு 2 அங்குலப் படம், வெள்ளை அல்லது அதற்கு நெருங்கிய பின்னணி. ஆனால் மென்பொருளாலோ செயலியாலோ படத்தை மாற்றக்கூடாது என்பது வெளியுறவுத் துறையின் விதி. எங்கள் கைக்குழந்தைக்கு எடுத்த படத்தில் பின்னால் சோபா தெரிந்தது. எடிட் செய்வது எனக்கு எளிது, ஆனாலும் செய்யவில்லை. வெள்ளைப் போர்வையைத் தரையில் விரித்து, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் என் நிழல் விழாமல் மேலிருந்து எடுத்தோம். அந்தப் படம்தான் ஏற்கப்பட்டது.