பொருள்: ‘ஸ்ட்ராங்லர் ஃபிக்’ முறைக்குத் தமிழில் என்ன சொல்?

அல்சூர் உறுப்பினர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அரசு உதவித்தொகை மென்பொருள்களைப் புதுப்பிப்பது பற்றிய கையேட்டு வரைவில் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறோம். பழைய அமைப்பை ஒரே நாளில் தூக்கி எறியாமல், அதன் மேலேயே புதியதை வளர்த்து, வேலைகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழையதை நிறுத்தும் முறை. மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் வைத்த பெயர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காடுகளில் இன்னொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, அந்த மரத்தையே மூடிவிடும் அத்தியினத்தைப் பார்த்துச் சூட்டினார். முதலில் வெறும் ‘ஸ்ட்ராங்லர்’, அதாவது நெரிப்பது. வன்முறைத் தொனி உறுத்தவே பிறகு ‘ஃபிக்’ சேர்ந்தது.

வரைவில் இப்போது ‘நெரிப்பு அத்தி முறை’ என்று இருக்கிறது. ‘முதியோர் உதவித்தொகையை நெரிப்பு முறையில் மாற்றியமைத்தல்’ என்று ஒரு கோப்பில் எழுதிப் பாருங்கள். கையெழுத்துப் போட வந்தவர் பேனாவை மூடிவிடுவார்.

சொல் தேடுபவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை மென்பொருளில் பெரும்பாலும் ஐந்து வேலைகள்: விண்ணப்ப நிலை அறிதல், முகவரி அல்லது வங்கிக் கணக்கு மாற்றம், புது விண்ணப்பம், ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று, மாதப் பட்டுவாடாக் கோப்பு. இவற்றின் முன்னால் ஒரு இடைப்பொருளை வைக்கிறோம். வரும் வேண்டுகோளைப் பார்த்து, ‘இது பழையதற்கு, இது புதியதற்கு’ என்று அது திருப்பிவிடும். முதல் நாள் எல்லாமே பழையதற்குத்தான். பிறகு நிலை அறிதல் மட்டும் புதியதற்குப் போகும். அதில் தப்பு வந்தாலும் யார் பணமும் நிற்காது. பட்டுவாடா கடைசியில்தான்.

இந்த இடைப்பொருளுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘முகப்பு’ என்று வரைவில் இருக்கிறது. வாசகர் முகப்புப் பக்கத்தை நினைத்துக்கொள்கிறார்.

ஸ்ரீராமபுரம் உறுப்பினர் எழுதியது:

ஐயா, ‘புல்லுருவி முறை’ எப்படி? எல்லோருக்கும் தெரிந்த சொல், ஒரே சொல், விளக்கம் வேண்டாம். வேறொரு மரத்தின் மேல் வளர்வது என்ற கருத்தும் வந்துவிடுகிறது.

இன்னொன்று: வரைவில் பழைய அமைப்பை ‘மரபு அமைப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மரபு என்றால் காக்க வேண்டியது என்று பொருள் வந்துவிடும். ‘பழைய அமைப்பு’ போதும். இதற்கெல்லாம் கலைச்சொல் தேவையில்லை.

ராமமூர்த்தி நகர் உறுப்பினர் எழுதியது:

‘பழைய அமைப்பு’ சரி. புல்லுருவி சரிப்படாது ஐயா. புல்லுருவி கடைசிவரை தாய்மரத்தின் சாற்றில்தான் பிழைக்கும். மரம் பட்டால் அதுவும் படும். இந்த அத்தியினம் உறிஞ்சுவதே இல்லை. ஏறி உட்கார இடம் மட்டும் வாங்கிக்கொள்கிறது; வேர் தரையைத் தொட்டதும் தன் சோறு தனக்கு. தாங்கிய மரம் போனபின்னும் நிற்க வேண்டும் என்பதுதான் முறையின் உயிர். புல்லுருவி என்றால் அதுவே அடிபட்டுப்போகிறது. தவிர, திட்டும் சொல்.

இதைப் பார்க்க நாம் குயின்ஸ்லாந்து போக வேண்டியதில்லை. வயல்வரப்பில் ஆலமரத்துக்கு நடுவிலிருந்து பனையின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட விதை மட்டையிடுக்கில் முளைத்து, விழுது இறக்கி, பனையைச் சுற்றிக்கொண்ட ஆல் அது. இங்கே பெங்களூரில் மைசூர்ச் சாலைப் பக்கம் ராமோஹள்ளியில் ‘தொட்ட ஆலத மர’ (கன்னடத்தில் ‘பெரிய ஆலமரம்’) இருக்கிறது. ஏறத்தாழ மூன்று ஏக்கர்; தாய்த்தண்டு நோயில் போய்விட்டது, விழுதுகளே மரமாக நிற்கின்றன.

ஆகவே என் பரிந்துரை ‘விழுதூன்றல்’. ‘நிலை அறிதல் விழுதூன்றிவிட்டது’, ‘பட்டுவாடா இன்னும் விழுதூன்றவில்லை’ என்று வினையாகவும் நடக்கும். உள்ளே நிற்கும் பழைய அமைப்புக்குத் தேவைப்பட்டால் ‘உள்மரம்’.

ஸ்ரீராமபுரம் உறுப்பினர் எழுதியது:

புல்லுருவியைத் திரும்பப் பெறுகிறேன் அம்மா. ஆனால் பேச்சில் விழுது ‘இறங்கும்’, ‘விடும்’. ஊன்றல் எழுத்து நடை. ‘விழுதிறக்கம்’ என்றால் நாக்குக்கு எளிது.

ராமமூர்த்தி நகர் உறுப்பினர் எழுதியது:

‘பதிவிறக்கம்’ ஏற்கெனவே இருக்கிறது. ‘விழுதிறக்கம்’ என்று ஒரு பொத்தானில் பார்த்தால் ஏதோ கோப்பு இறங்கப்போகிறது என்று காத்திருப்பார்கள். ஊன்றல் ஒன்றும் புதிதில்லை. சிதலை தின்ற ஆலமரத்தை அதன் விழுதே தாங்குவதைச் சொல்லும் நாலடியார்ப் பாட்டில் ‘வீழூன்றி’ என்றே வருகிறது. கறையான் தின்ற மரத்துக்கு முட்டுக் கொடுப்பது நம் வேலைக்கும் பொருத்தந்தான்.

அல்சூர் உறுப்பினர் எழுதியது:

இறங்குவதும் ஊன்றுவதும் இரண்டு வேறு நிலைகள். அந்த வேறுபாடுதான் எனக்குத் தேவை. ஆங்கிலப் பெயரில் அது இல்லாததால் ஒப்பந்தப்புள்ளிகளில் ஏமாற்றம் நடக்கிறது: புதுத் திரை ஒன்றைப் போட்டுவிட்டு ‘மாற்றியாயிற்று’ என்கிறார்கள். திரை புதிது, தரவு பழைய அட்டவணையிலிருந்தே வருகிறது. விழுது தொங்குகிறது, தரை தொடவில்லை.

ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். பழைய அட்டவணையில் பெயருக்கு 30 பைட். ஒரு குறிக்கு ஒரு பைட் என்றிருந்த எட்டு பிட் குறியாக்கக் காலத்தில் அது தாராளம். யூனிகோடை யூ.டி.எஃப்-8ஆகச் சேமித்தால் தமிழானாலும் கன்னடமானாலும் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்; ஆக 30 பைட்டில் 10 குறியீடு. ‘சுப்பிரமணியன்’ என்பதில் உகர இகரக் குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் 13 குறியீடு, 39 பைட். புதுத் திரை முழுப்பெயரையும் வாங்கிக்கொள்ளும். பின்னால் ‘கோபால்’ (COBOL) என்ற பழைய நிரல்மொழியின் ‘மூவ்’ கட்டளை வலப்பக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டும். அட்டவணையில் விழுவது ‘சுப்பிரமணி’. பார்வைக்கு ஒழுங்கான பெயர், பிழைச்செய்தியும் கிடையாது. வங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு ஒப்பிடும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

வங்கிக் கணக்கிலும் இதே கதை. மைசூர் ஸ்டேட் வங்கி 2017இல் எஸ்.பி.ஐ.யோடும், விஜயா 2019இல் பரோடா வங்கியோடும், சிண்டிகேட் 2020இல் கனராவோடும், கார்ப்பரேஷன் அதே ஆண்டில் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கர்நாடகத்தில் வேரோடிய நான்கு வங்கிகள். பழைய அட்டவணையில் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளை) குறியீடுகள் அப்படியே கிடக்கும். ஆதார் வழிப் பட்டுவாடாவிலோ பணம் அந்த அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்.பி.சி.ஐ.யின் ஆதார்–வங்கி இணைப்புப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்த வங்கி எதுவோ அங்கே போகும். திரையில் ஒரு வங்கி, பணம் வேறொரு வங்கியில்! பாட்டி ஒரு கிளையில் வரிசையில் நிற்கிறார், பணம் இன்னொன்றில் கிடக்கிறது. நிலை அறிதல் திரை இணைப்புப் பட்டியலையும் கேட்டுச் சொன்னால்தான் அந்த விழுது ஊன்றியதாகக் கணக்கு.

எனவே: புதுத் திரை, பழைய தரவு என்றால் ‘தொங்குவிழுது’. தன் தரவுக்குத் தானே பொறுப்பு என்றால் ‘ஊன்றுவிழுது’. ஒரு தரவுக்கு ஒரு நேரத்தில் ஒரே இடம்தான் மூலம். இரண்டிலும் எழுதி வைப்போம் என்று போனால், ஒன்றில் எழுதி மற்றதில் தவறும் நாள் வந்தே தீரும். எது சரி என்று கேட்டால் இரண்டு பக்கமும் கை காட்டும்.

ஸ்ரீராமபுரம் உறுப்பினர் எழுதியது:

தொங்குவிழுது பிரமாதம். திட்டாகவும் பயன்படும்.

இடைப்பொருளுக்கு ‘மடைமாற்றி’ சொல்லலாமா? நீரை இந்த வாய்க்காலுக்கா அந்த வாய்க்காலுக்கா என்று திருப்புவதுதானே அதன் வேலை.

ராமமூர்த்தி நகர் உறுப்பினர் எழுதியது:

வேறு எந்தத் துறையாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். இது உதவித்தொகை. ‘நிதி மடைமாற்றம்’ என்றால் செய்தித்தாள் வாசிப்பவருக்கு ஒரே பொருள்தான். ‘பட்டுவாடாவுக்கு மடைமாற்றி பொருத்தப்பட்டது’ என்று எழுதினால் தணிக்கைக்காரர் வந்து நிற்பார். ‘மதகு’ போதும். திறக்கலாம், மூடலாம், பாதி திறக்கலாம். அந்தப் பாதி முக்கியம்: ஒரு தாலுகாவை மட்டும் புதியதற்கு விட்டுப் பார்த்து, கோளாறு என்றால் அன்றே திரும்ப அடைத்துவிட முடிய வேண்டும்.

அடைக்க முடியாமல் போனால் என்னவாகும் என்பதற்குக் கனடாவின் ‘ஃபீனிக்ஸ்’ சம்பள அமைப்பு இருக்கிறது. 2016 பிப்ரவரி, ஏப்ரல் என்று இரண்டே தவணையில் இறக்கினார்கள். பல்லாயிரம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் போனது. திரும்பிப் போகப் பழைய அமைப்பு இல்லை.

அல்சூர் உறுப்பினர் எழுதியது:

மதகு சரி. பழையதையும் புதியதையும் ஒருசேர ஓட்டிப் பார்ப்பதற்கான ‘இணையோட்டம்’ என்ற சொல்லில் யாருக்கும் மறுப்பு இல்லை, அதை அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் வரைவில் அதன் விளக்கம் போதாது, இப்படித் திருத்தியிருக்கிறேன்:

‘பட்டுவாடாவை விழுதூன்றுமுன் குறைந்தது மூன்று மாதம் இணையோட்டம் நடத்துக. கருவூலத்துக்குப் பழைய கோப்பே போகும். புதியது ஒப்பிட மட்டும். பயனாளி எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போனால் போதாது. ஒருவருக்கு 200 ரூபாய் குறைந்து இன்னொருவருக்கு 200 கூடினாலும் மொத்தம் ஒத்துத்தான் வரும். வரிக்கு வரி ஒப்பிடுக. மூன்றில் ஒன்றேனும் நிலுவைத்தொகை வரும் மாதமாக இருக்கட்டும். கோபாலில் ‘ரவுண்டட்’ என்று எழுதாத இடத்தில் பைசா வெட்டுப்படும், புதிய நிரல் முழுதாக்கிவிடும், வேறுபாடு நிலுவையில்தான் தலைகாட்டும். சனவரிப் பட்டுவாடாவும் சேரட்டும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்குச் சனவரி 1 என்று இட்டிருப்பார்கள். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதானால் மத்திய அரசின் பங்கு 200இலிருந்து 500 ரூபாயாகிறது. அந்த ஆண்டு 80 ஆகும் அப்படிப்பட்ட பதிவுகள் எல்லாம் ஒரே நாளில் அந்தக் கோட்டைத் தாண்டும். ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருந்தால் ‘45’ என்பது 1945ஆ 2045ஆ என்று முதலில் பார்க்க. வேறுபாடு ஒவ்வொன்றும் புதியதன் பிழை என்று எண்ண வேண்டாம். பழைய நிரலில் புரியாத ஒரு வரி, என்றோ வந்த அரசாணையாக இருக்கக்கூடும்.’

ஸ்ரீராமபுரம் உறுப்பினர் எழுதியது:

உள்மரத்தை நிறுத்துவதற்கு ‘உள்மரம் அகற்றல்’ என்று ஒரு பதிவும் சேருங்கள் ஐயா, தேதியோடு. பட்டுவாடா வரை போய்விட்டு, ஏதோ ஒரு ஆண்டறிக்கைக்காகப் பழைய சர்வரை ஓடவிட்டு, இரண்டுக்கும் பராமரிப்புச் செலவு கட்டிக்கொண்டிருப்பதுதான் வழக்கம்.

ராமமூர்த்தி நகர் உறுப்பினர் எழுதியது:

சேர்த்தாயிற்று. ஒரு எழுத்துச் சிக்கல் மட்டும். சொல்லடைவில் ‘தொங்கு விழுது’, ‘தொங்குவிழுது’ என்று இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படவில்லை. சேர்த்தே எழுதுவோம். ‘விழுதூன்றல்’ வரி முடிவில் உடைந்து ‘விழு’ மேல் வரியிலும் ‘தூன்றல்’ கீழ் வரியிலும் போகிறது. அச்சுக்குப் போகுமுன் 4ஆம் இயலை யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.