இரண்டு மணி நேரக் கணக்கு: கேம் வாங்கித் திருப்பிக் கொடுத்த கதைகளைச் சொல்லுங்கள்

மலைக்கோட்டைவாசி

போன மாதம் எனக்கு 1,799 ரூபாய் போனது. கடையின் பெயர் வேண்டாம், தவறில் பாதி என்னுடையது.

என்னிடம் இருப்பது ஆறு வருடப் பழைய லேப்டாப். கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. புதுக் கேம் எதுவும் இதில் ஓடுமா என்பது வாங்கி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இதே கார்டில் ஓட்டிக்காட்டும் யூடியூப் காணொளிகள் இருக்கின்றன, பார்த்தேன். ஆனால் அவர்களுடைய ரேம் வேறு, அவர்கள் ஊர் வெயில் வேறு. மே மாதத்துத் திருச்சியில் என் லேப்டாப் ஒரு தோசைக்கல்.

சனிக்கிழமை இரவு வாங்கினேன். இறங்கி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. காலையில் திறந்தால் ‘ஷேடர் தயாராகிறது’ (காட்சி வரையும் நிரல்களாம்) என்று ஒரு கோடு. அது ஊர்ந்து முடிக்க 35 நிமிடம். நடுவில் அம்மா கூப்பிட்டு கேஸ் சிலிண்டரை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டு வந்து பார்த்தால் கேம் செத்துப்போய் டெஸ்க்டாப் தெரிகிறது. மறுபடியும் முதலிலிருந்து கோடு. அப்புறம் தவிர்க்க முடியாத ஆரம்பக் காட்சி. அப்புறம் நாயகனுக்கு மூக்கு, தாடி, தழும்பு தேர்ந்தெடுக்கும் படலம். அது என் தவறுதான், தாடிக்கு மட்டும் பத்து நிமிடம் ஆனது. கடைசியில் முதல் ஊரின் சந்தைக்குள் நுழைந்தேன், அங்கே எல்லாம் நின்று நின்று நகர்ந்தது. செட்டிங்கை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்துவிட்டு, சரி வேண்டாம் என்று ரீஃபண்ட் கேட்டபோது கணக்கில் 2 மணி 11 நிமிடம். வரம்பைத் தாண்டிவிட்டது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது.

உண்மையில் விளையாடியதைக் கூட்டினால் 40 நிமிடம் தேறாது.

கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் விதி இங்கே எல்லோருக்கும் தெரியும்: வாங்கி 14 நாளுக்குள், ஓடியது 2 மணி நேரத்துக்குள். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதேதான். 2015 ஜூனுக்கு முன்பு ஸ்டீமில் இந்த வசதியே கிடையாது என்பதும் தெரியும், அதனால் புலம்ப வரவில்லை. நம்மில் பலருக்கு ரீஃபண்ட் என்பதே டெமோதான், ஓடுமா என்று ஓட்டிப் பார்க்கும் வழி. அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் எப்படிச் செலவழிக்கிறீர்கள்? எங்கே மாட்டினீர்கள், எங்கே தப்பித்தீர்கள்? சொன்னால் அடுத்த சம்பளத்துக்கு உதவும்.

கரிசல்காடு

அந்த மீட்டருக்கு நீங்கள் விளையாடுகிறீர்களா, சிலிண்டர் மாட்டுகிறீர்களா என்று தெரியாது. கேமின் மென்பொருள் திறந்திருந்தால் நேரம் ஓடும், அவ்வளவுதான். 2020 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது இதே கூத்து உலகம் முழுக்க நடந்தது. ஸ்டீமில் இறங்கியது சின்னதாக ஒரு தொடக்கப் பகுதி மட்டும். மீதி 90 ஜிபிக்கு மேல் கேமைத் திறந்த பிறகுதான் இறங்கியது. இறங்கும் நேரமெல்லாம் விளையாடிய நேரமாக ஏறியது. விமானம் ஓடுபாதைக்கு வருவதற்குள் ரீஃபண்ட் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கத்தினார்கள்.

என் வழக்கம் இது. திறந்த உடனே கைபேசியில் 90 நிமிடத்துக்கு அலாரம். முதல் வேலையாக எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்துவிடுவேன். ‘லோ’விலேயே திக்கினால் மேலே எதையும் சோதிக்கத் தேவையில்லை. தாடி, மூக்கு எல்லாம் கொடுத்தபடியே இருக்கட்டும். கதை கேட்காமல் கூட்டம் அதிகமான இடத்துக்கு நேராக ஓட வேண்டும். எந்தக் கேமாக இருந்தாலும் சந்தை, மழை, நெருப்பு இந்த மூன்றில்தான் கார்டு மூச்சு வாங்கும். எழுந்து போகும்போது மூடிவிட்டுப் போங்கள். சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்து ‘பாஸ்’ போட்டு நிறுத்தி வைத்தால் அதுவும் கணக்குதான்.

இன்னொன்று. வரம்பு தாண்டினாலும் விண்ணப்பிக்கலாம், பார்க்கிறோம் என்று ஸ்டீமின் விதியிலேயே எழுதியிருக்கிறது. ஒருமுறை 3 மணி நேரம் ஓடிய பிறகு, ஒரு அப்டேட் வந்து கேம் திறக்கவே மறுத்தது. நடந்ததை நான்கு வரியில் எழுதினேன், பணம் வந்துவிட்டது. உத்தரவாதம் இல்லை, ஆனால் கேட்பதற்குக் காசு செலவில்லை.

பழைய சிடி

சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்கு சிடி வாங்கிய ஆள் நான். ஓடவில்லை என்று மறுநாள் கொண்டு போனால் அண்ணன் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். பணம் தர மாட்டார், வேறு சிடி தருவார். இப்போது ஸ்டீம் வாலெட்டில் (அந்தக் கடையிலேயே செலவழிக்கும் இருப்பு) போடுகிறார்களே, அதே ஏற்பாடு. 14 நாள் கெடு கூடக் கிடையாது. (திருட்டு சிடிதான், பெருமையாகச் சொல்லவில்லை.)

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஸ்டீமில் விலை டாலரில்தான். தெற்காசியாவுக்கென்று தனியாக டாலர் விலை இருக்கிறது, வெளியிடுபவர் மனம் வைத்தால் குறைவாக இருக்கும், இல்லாவிட்டால் அமெரிக்காக்காரர் கொடுக்கும் அதே காசு.

2022 ஜனவரியில் 30 டாலருக்கு ஒரு கேம் வாங்கினேன். அப்போது டாலர் இருநூறு ரூபாய் சொச்சம். ஒரு மணித்தியாலம் விளையாடினேன், பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அட்டைக்கா வாலெட்டுக்கா என்று கேட்டது. அட்டைக்கு வர நாள் எடுக்கும் என்று சோம்பலில் வாலெட்டை அழுத்தினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே முதலீட்டு முடிவு அதுதான்.

மார்ச்சில் ரூபாய் விழுந்தது. மே மாதம் டாலர் 360 ரூபாய்க்குப் போனது. என்னுடைய அட்டை வெளிநாட்டுக் கடைகளில் வேலை செய்யாமல் போனது. வங்கிக் கணக்கில் இருந்தது எல்லாம் பாதியாகச் சுருங்கியது போல இருந்தபோது, அந்த வாலெட்டில் கிடந்த 30 டாலர் மட்டும் 30 டாலராகவே கிடந்தது. ஆனால் அதைச் செலவழிக்கவும் வழியில்லை. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம். காசு இருந்தது, கரண்ட் இல்லை. டிசம்பர் சேலில்தான் எடுத்தேன், மூன்று கேம் வந்தது. அதில் ஒன்று, ஜனவரியில் திருப்பிக் கொடுத்த அதே கேம். இந்த முறை பிடித்திருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

மலைக்கோட்டைவாசி

பனங்கூடல் அண்ணா, இதற்கு மேல் யார் எழுதினாலும் எடுபடாது போலிருக்கிறதே.

ஒத்தையடிப்பாதை

எடுபடாது என்றாலும் சொல்கிறேன். டாலரில் வாங்கித் திருப்பினால் இந்தியாவிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. கோக் (GOG) என்ற போலந்துக் கேம் கடையில் 30 நாள் ரீஃபண்ட். 2020 பிப்ரவரியிலிருந்து இப்படித்தான், எவ்வளவு நேரம் விளையாடியிருந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள் மட்டும். போலந்துக்காரர்கள், நகல் எடுக்கப் பூட்டில்லாத இன்ஸ்டாலரையே கையில் கொடுத்துவிட்டு நம்மை நம்புகிறார்கள். நான் ஒரு கேமைத் திருப்பினேன், கேள்வியே கேட்காமல் முழு டாலரும் திரும்பியது. ஆனால் என் வங்கி போகும்போது ஒரு விலைக்கு டாலரை விற்றது, வரும்போது வேறு விலைக்கு வாங்கியது, அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் திருப்பித் தரவே இல்லை. அஞ்சல் செலவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டீமில் 2015 நவம்பரிலிருந்து ரூபாயில் விலை போடுவதால் இந்தத் தலைவலி இல்லை. அந்த ரூபாய் விலையின் அருமை, மற்ற நாட்டுக்காரர்கள் பட்டதைப் பார்த்தால்தான் தெரியும். என் அறைத்தோழன் ஒருவன் துருக்கி விலை மலிவு என்று கேட்டு, இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு, யார் யாரிடமோ லிராவில் கிஃப்ட் கார்டு வாங்கி வாலெட்டை நிரப்பி வைத்திருந்தான். 2023 நவம்பரில் துருக்கி, அர்ஜென்டினா இரண்டு நாட்டுக் கணக்குகளையும் டாலருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே இரவில் விலைகள் பல மடங்கு. அவனுக்காக வருத்தப்பட முடியவில்லை. இரண்டு வருடமாக எங்களைப் பார்த்து ‘இந்திய விலைக்கு வாங்குகிற ஏமாளிகள்’ என்று சிரித்தவன் அவன். வருத்தமெல்லாம் நிஜமாகவே இஸ்தான்புல்லில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்த பையன்களுக்காகத்தான்.

யாரா நதி

நான் மெல்பர்னில் இருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும் இந்தப் பேச்சில் எங்கள் ஊர் வழக்கு ஒன்று வராமல் போகக் கூடாது.

2014 ஆகஸ்ட்டில் இங்குள்ள நுகர்வோர் ஆணையம் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அப்போது ஸ்டீமின் ஒப்பந்தத்தில் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்றே இருந்தது. ஆஸ்திரேலியச் சட்டப்படி பொருள் பழுதாக இருந்தால் திருப்பித் தர மாட்டேன் என்று எழுதி வைப்பதே தவறு. நாங்கள் ஆஸ்திரேலியாவில் தொழிலே நடத்தவில்லை, விற்பது பொருளும் அல்ல என்கிற தினுசில் வால்வ் வாதாடியது. இங்கே 22 லட்சம் கணக்குகள் இருந்தன. 2016 மார்ச்சில் நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை, டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். மேல்முறையீடும் தோற்றது.

வழக்கு நடக்கும்போதே, 2015இல், உலகம் முழுவதற்கும் இரண்டு மணி நேர விதி வந்துவிட்டது. வழக்கினால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே எங்களுக்கு அந்த விதிக்கு மேலும் சட்டம் இருக்கிறது: கேம் உண்மையிலேயே பழுது என்றால் 2 மணி நேரம் தாண்டினாலும் உரிமை போகாது. திருச்சி நண்பரின் சந்தைத் திக்கல் இங்கே ‘பழுது’ ஆகுமா என்றால், லேப்டாப்பின் வயதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்!

நொய்யல்

திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர் பேசிவிட்டீர்கள். திருப்பி வாங்கியவன் ஒருவன் பேசுகிறேன். கோவையில் நானும் நண்பனும் சேர்ந்து ஒரு சின்னக் கேம் செய்து ஸ்டீமில் போட்டோம். நீளம் 1 மணி 40 நிமிடம். கதை அவ்வளவுதான் கேட்டது, இழுக்க மனம் வரவில்லை.

விலை 199. ஜிஎஸ்டி 18 சதவீதம் போனால் 168 சொச்சம். அதில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் 118 ரூபாய். ஆளுக்கு 59.

ரீஃபண்ட் கேட்பவர் காரணம் எழுதினால் அது எங்கள் பக்கத்தில் தெரியும். ‘என் கணினியில் ஓடவில்லை’ என்று வந்தால் எனக்குக் கோபம் வராது, எங்கே திக்குகிறது என்று தேடுவேன். ஒருமுறை ‘மிகவும் நன்றாக இருந்தது, முடித்துவிட்டேன்’ என்று வந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. விதிப்படி அவர் மேல் ஒரு தவறும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

நாங்கள் மட்டும் இல்லை. எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாகச் செய்துகொண்டிருந்த ஒருவர், 2021இல், ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தன் திகில் கேமை நிறையப் பேர் முடித்துவிட்டுத் திருப்புகிறார்கள் என்று சொல்லி, காலவரையின்றி கேம் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்த கேமை 3 மணி நேரத்துக்கு இழுக்கலாம் என்று நண்பன் சொல்கிறான். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கிற தூரத்தைக் கூட்டினால் கதை நீளுமா?

பழைய சிடி

அந்தக் குறிப்பை எழுதியது நான் இல்லை. ஆனால் வேறொருவர் கேமில் அதையே செய்திருக்கிறேன், குறிப்பு கூட எழுதாமல். கேம் பெயரைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நொய்யல்

விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம் அண்ணா. உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

கரிசல்காடு

நொய்யல் தம்பி எழுதியதைப் படித்தபின் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இது விதிக்குள் உள்ள விஷயம். முழு விலைக்கு வாங்கி அடுத்த வாரமே சேல் வந்துவிட்டால், திருப்பிக் கொடுத்துவிட்டு சேல் விலையில் மறுபடி வாங்கலாம். அதைத் தவறான பயன்பாடாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. 14 நாள், 2 மணி நேரம் இரண்டுக்கும் உள்ளே இருக்க வேண்டும்.

முன்கூட்டி அணுகல் என்று விற்கிறார்களே, வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பே விளையாடலாம் என்று கூடுதல் காசுக்கு, அதில் ஆடும் நேரமும் 2024 ஏப்ரலிலிருந்து இரண்டு மணிக் கணக்கில் சேரும். முன்பு அந்த ஓட்டை இருந்தது, ஒரு நண்பர் மூன்று நாளில் முழுக் கதையையும் முடித்துவிட்டுத் திருப்பினார். பெயர் சொல்ல மாட்டேன், நான்தான்.

மலைக்கோட்டைவாசி

எல்லோருக்கும் நன்றி. கரிசல் சொன்னபடி நான்கு வரி எழுதி மறுபடி கேட்டுப் பார்த்தேன். இந்த முறையும் முடியாது என்றுதான் பதில். சரி, அந்த 1,799 முடிந்த கதை. புது லேப்டாப் வாங்கும் அன்று சந்தைக்குள் நுழைந்துகொள்கிறேன்.

நேற்று ஸ்டார்டியூ வேலி என்ற விவசாயக் கேம் வாங்கினேன், 480 ரூபாய். மறக்காமல் 90 நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். அடித்தபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அணைத்துவிட்டு மீதிப் பாத்தியையும் நனைத்தேன். இப்போது கணக்கில் 9 மணி நேரம். தோசைக்கல் சூடாகவே இல்லை.